கோழி வாங்கும்போது கொண்டையைப் பாருங்கள்

பினாங்கில் வீட்டுப் பின்புறம் வளர்க்கக் கோழி வாங்குகிறீர்களா? நிமிர்ந்த பெரிய ஒற்றைக் கொண்டையும் இறகில்லாத கால்களும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கோழிக்கு வியர்க்காது, கொண்டையிலும் தாடியிலும் ஓடும் ரத்தம் வழியாகத்தான் உடல் சூடு நிறைய வெளியேறுகிறது. கனடாவின் சாண்டெக்ளேர் கோழிக்குக் கொண்டை இருக்கிற இடமே தெரியாது. பனியில் விறைத்துக் கருகாமல் இருக்கவே அப்படி உருவாக்கினார்கள். வைண்டாட், பிரம்மா மாதிரி சின்னக் கொண்டைக் கோழி இனங்கள் எல்லாம் படத்தில் கொள்ளை அழகு. ஆனால் நம் மதிய வெயிலில் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து மூச்சு வாங்கும், பாவம். கம்பத்துக் கோழி, அதாவது நம் நாட்டுக்கோழி, அதே வெயிலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

சண்டைக்கோழி வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: கொண்டை சின்னதுதான், இறகு அடர்த்தி குறைவு என்பதால் சூடு தாங்கும். குளிரான கேமரன் மலையில் இருப்பவர்களுக்கும் இது தேவையில்லை.