பூட்டிக் கிடக்கும் மாதங்களுக்காக ஒரு வீட்டைத் திருத்துதல்: திருகோணமலைக் கரையோரக் குடும்பங்களுக்கு

உப்புவெளியிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி வரையான கரையில் அம்மம்மாவின் காலத்து வீட்டைத் திருத்தி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்து தங்கும்படி செய்ய விரும்புகிறவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். அந்த வீட்டில் ஆட்கள் இருக்கப்போவது ஆண்டில் சில வாரங்களே; மீதிக் காலமெல்லாம் உப்புக் காற்றும் மழையும் கறையானும்தான் அதில் குடியிருக்கும். ஆகவே காசையும் கவனத்தையும் கடல் பார்க்கும் விறாந்தையின் அழகில் கொட்டுவதற்கு முன், பூட்டிய வீடு மாரியைத் தாங்குமா என்பதையே பார்க்க வேண்டும்.

வேலையின் காலத்தைக் காற்றே தீர்மானிக்கிறது. இங்கே பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். புயல்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வரும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே பெப்ரவரியில் கூரையைத் திறந்து, செப்டெம்பர் முடிவதற்குள் எல்லாவற்றையும் மூடிவிடும்படி திட்டமிடுங்கள். மே மாதத்துக்குப் பின் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மழையற்றது என்பதால் வேலைக்கு உகந்ததாகத் தோன்றினாலும், அது புதுப் பூச்சின் ஈரத்தை ஒரே பகலில் உறிஞ்சி வெடிக்க வைத்துவிடும். அந்த மாதங்களில் பூசிய சுவரையும் வார்த்த கொங்கிறீற்றையும் நனைத்த சாக்கால் மூடி, குறைந்தது 7 நாள்களுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றி வருவதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்குமுன் அனுமதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குள் வீட்டைப் பெருப்பிப்பதற்கோ மாடி எழுப்புவதற்கோ மதில் கட்டுவதற்கோ முன்னர், கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்திடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். காணி உறுதியில் பல சகோதரர்களின் பெயர் இருந்தால், யார் எவ்வளவு போடுகிறார்கள், எந்த மாதம் யாருக்கு வீடு என்பதையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருப்பவர் காசு அனுப்ப, ஊரிலிருப்பவர் வெயிலில் நின்று வேலை பார்ப்பார். அந்த உழைப்புக்கும் கணக்கில் இடம் இருக்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். மிகுந்த செலவும் மிகுந்த ஏமாற்றமும் கொங்கிறீற்றில்தான் ஏற்படுகின்றன. தூண்களிலும் வளைகளிலும் கம்பி ஓடும் நேர்கோட்டில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா, அதன் வழியே மண்ணிறக் கோடு வடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் ‘ணங்’ என்று இறுகிய ஒலி தரும். உள்ளே கம்பி கறள் பிடித்துப் பொருமிய இடமோ வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் அது கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மேலே சிமெந்து பூசி மறைப்பது வீண்செலவு, ஏனெனில் உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஒலி மாறிய பகுதி முழுவதையும் கம்பியின் பின்புறம் வரை உடைத்தெடுத்து, கம்பியைக் கறள் நீங்கி வெள்ளிபோல் மின்னும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, கறள் தடுக்கும் பூச்சு இட்ட பின்னரே அடைக்க வேண்டும். வெளிப்புறத்தில் கம்பிக்கு மேல் 2 அங்குலக் கொங்கிறீற்றாவது இருக்கட்டும். வீட்டைத் தாங்கும் தூணில் பெரும்பகுதி பொருமியிருந்தால் முட்டுக் கொடுக்காமல் உடைக்கக் கூடாது; அதற்கு மேசனுக்கு முன் ஒரு பொறியியலாளரை அழையுங்கள்.

வாசலிலேயே மணல் கிடக்கிறதே என்று கடற்கரை மணலை எடுத்துவிடாதீர்கள். பூச்சுக்குக்கூட அது ஆகாது. ஆற்று மணல் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

பழைய செங்கல் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, விழுந்த தூளைப் பொறுக்கி வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள் இறங்கும். அத்தகைய சுவருக்கு எண்ணெய்ப் பெயின்ற் அடித்தால் அது அடுத்த மாரிக்குள் தோல்போல் உரிந்துவிடும். ஒரு கோடைகாலம் சுண்ணாம்பு மட்டும் அடித்து, சுவரை மூச்சுவிட வைப்பதே நல்லது.

கூரையில் ஓடுகளைவிட, அவற்றைத் தாங்கும் சிலாகையும் ஆணியுமே முதலில் போகின்றன. ஓர் ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள். நடுவில் ஊசிபோல் மெலிந்திருந்தால், மற்றவற்றையும் நம்ப முடியாது. முதிரை, பாலை போன்ற பழைய கைமரங்கள் வைரம் பாய்ந்தவை என்பதால் கறையான் படாதவற்றைக் கழற்றாமல் வைத்துக்கொள்ளலாம். தாழ்வார ஓரத்து ஓடுகளைச் செப்புக் கம்பியால் கட்டுங்கள். காற்று முதலில் கிளப்புவது அவற்றைத்தான். அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றுவதானால் நனைத்து, உடைக்காமல், வெட்டாமல், முகமூடி அணிந்தே இறக்க வேண்டும். கதவு யன்னல்களுக்குப் பித்தளைப் பிணைச்சலும், வெளியே துருப்பிடிக்காத உருக்கில் 316 தரமும் போடுங்கள். மலிவான 304 தரம் கடலோரத்தில் மண்ணிறப் புள்ளி போடும். மின்சாரப் பெட்டி கடலுக்கு எதிர்ப்புறச் சுவரில் இருக்கட்டும்.

கிணற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரையோரத்தில் நல்ல தண்ணீர், நிலத்தடியில் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பெரிய மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். சிறிய மோட்டரால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கியை நிரப்புவதே முறை. மலக்குழி கிணற்றிலிருந்து வளவு இடம்கொடுக்கும் அளவு தள்ளியிருக்கட்டும்.

கடலுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள மணல் மேட்டைக் காட்சி மறைக்கிறதென்று வெட்டித் தள்ளுவோரைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைத் தொடாமல், ஓர் ஒற்றையடிப் பாதையை வளைவாக விட்டாலே போதும். நேரான பாதை காற்றுக்கும் அலைக்கும் வாசலாகிவிடும்.

வீட்டைப் பூட்டிப் புறப்படுமுன் யன்னல் கிராதிகளை நல்ல தண்ணீரால் துடைத்து, மெத்தைகளை நிமிர்த்தி, அலுமாரிகளையும் குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து வைத்து, காற்றோட்டத் துளைகளை வலையால் மட்டும் மூடுங்கள். தாங்கியும் கிணறும் நுளம்பு புகாதபடி மூடியிருக்க வேண்டும். அயலிலுள்ள ஒருவருக்கு மாதச் சம்பளம் பேசி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெயில் நாளில் கதவுகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள், அவரே கூரையின் உட்புறத்தை ரோச் லைற் அடித்துப் பார்த்து, ஒழுகிய இடத்துக்கு நேர்கீழே தரையில் சோக்கால் அடையாளமிட்டு, படம் எடுத்து அனுப்பட்டும். பெப்ரவரியில் மேசன் வரும்போது அந்த அடையாளங்களிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.