ஸ்பெயின் வந்து இறங்கிய நம்மவர்களுக்கு: ‘யோ’ எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

லீவுக்குத் தண்டையார்பேட்டை வந்திருக்கிறேன். அக்கா மகன் அடுத்த மாதம் வலென்சியா கிளம்புகிறான். அவனுக்கு மொட்டைமாடியில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஏற்கெனவே அங்கே போய் இறங்கிவிட்ட ராயபுரம், திருவொற்றியூர்ப் பிள்ளைகளும் ‘யோ’ (நான்) எப்போது சொல்வது, எப்போது விடுவது என்று வாட்ஸப்பில் இவன் கேட்கும் அதே கேள்விகளைத்தான் அனுப்புகிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் சொற்கள். ‘யோ’ என்றால் நான், ‘தூ’ நீ, ‘உஸ்தெத்’ மரியாதையான நீங்கள். ‘எல்’ அவன், ‘எய்யா’ அவள். நாம், நாங்கள் இரண்டுக்கும் ‘நொசோத்ரோஸ்’ ஒன்றுதான். பல பேரைப் பார்த்துச் சொல்லும் நீங்கள் ‘வொசோத்ரோஸ்’, மரியாதையாக என்றால் ‘உஸ்தெதெஸ்’. அவர்கள் ‘எய்யோஸ்’. எல்லோரும் பெண்கள் என்றால் நொசோத்ராஸ், வொசோத்ராஸ், எய்யாஸ். கூட்டத்தில் ஒரே ஓர் ஆண் இருந்தாலும் ‘ஓஸ்’தான். (‘வ’ என்று நான் எழுதுவதை அவர்கள் உதடு ஒட்டி, ‘பஸ்’ஸில் வரும் ‘ப’ போலச் சொல்வார்கள்.) இது ஒரே சாயங்காலத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நாம் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறோம். அதனால் வாயைத் திறந்தாலே யோ, யோ என்று வருகிறது. கேட்பவருக்கு நாம் நம்மையே அழுத்திச் சொல்வதுபோல இருக்கும். தயவுசெய்து ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலிருந்து போங்கள். ‘நேத்து காசிமேடு போனேன், வஞ்சிரம் வாங்கினேன், வீட்டுக்கு வந்தேன்’ என்கிறோம். அதில் ‘நான்’ எங்கே இருக்கிறது? ‘ஏன்’ என்ற விகுதியே வேலையை முடித்துவிடுகிறது. ஸ்பானிஷிலும் அப்படியேதான். பேசுகிறேன் என்பது ‘ஆப்லோ’, பேசுகிறாய் ‘ஆப்லாஸ்’, பேசுகிறோம் ‘ஆப்லாமோஸ்’, பேசுகிறார்கள் ‘ஆப்லான்’. கடைசி ஒலியிலேயே ஆள் தெரிந்துவிடுகிறார். எனவே வலென்சியாவில் இருக்கிறேன் என்பதற்கு ‘வீவோ என் வலென்சியா’ போதும். மீன் கடையில் ‘கியெரோ உன் கிலோ தே சார்தினாஸ்’ என்றால் ஒரு கிலோ மத்தி கிடைக்கும், யோ தேவையில்லை.

அப்போ யோ எதற்கு? தமிழில் நான்தான், நானோ, நானும் என்று அழுத்துகிற இடங்களுக்கு. ‘யோ சோய் தே சென்னை, எய்யா எஸ் தே மதுரை’: நான் சென்னை, அவளோ மதுரை. நானும் என்றால் ‘யோ தம்பியென்’. கதவைத் தட்டினால் யார் என்று கேட்பார்கள், நான்தான் என்பதற்கு ‘சோய் யோ’. இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மார்க்கெட்டில் பல கடைகளில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆட்கள் அங்கங்கே நிற்பார்கள். போனவுடன் ‘கியென் எஸ் எல் ஊல்திமோ?’, கடைசி ஆள் யார், என்று கேட்க வேண்டும். ஒருவர் ‘யோ’ என்பார். அவருக்கு அடுத்தது நீங்கள். பிறகு வருபவர் கேட்கும்போது நீங்கள் ‘யோ’ சொல்ல வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் நம் தமிழ் வினைக்கு வசதி அதிகம். வந்தான், வந்தாள் என்று நாம் ஆண் பெண் பிரித்துவிடுகிறோம். ஸ்பானிஷில் அவனுக்கும் அவளுக்கும் உஸ்தெத்துக்கும் ‘ஆப்லா’ ஒன்றுதான். யாரைப் பற்றிப் பேச்சு என்று குழம்பினால் எல், எய்யா, உஸ்தெத் சேர்த்தே சொல்லுங்கள்.

மழை பெய்கிறது என்பதற்கு ‘யுவெவே’ என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்தின் ‘இட்’டைத் தேடாதீர்கள். அப்புறம், காப்பி பிடிக்கும் என்பதற்கு ‘யோ’வில் ஆரம்பிக்கவே கூடாது. ‘மே குஸ்தா எல் கஃபே’, அதாவது எனக்குக் காப்பி பிடிக்கும். நம் ‘எனக்கு’ அப்படியே இருக்கிறது பாருங்கள்!

கடைசியாக தூவா, உஸ்தெத்தா? காசிமேட்டு மீன்கார அக்கா யார் வந்தாலும் ‘வா நைனா, இன்னா வோணும்’ என்பார். அதில் அவமரியாதை எதுவும் இல்லை, பாசம்தான். ஸ்பெயினில் கடை, வேலையிடம், அக்கம்பக்கம் எல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி ‘தூ’தான். அவர்கள் ‘தூ’ என்றால் வருத்தப்படாதீர்கள். ஆனால் வயதானவர்களிடமும், முகவரி பதிய நகராட்சி அலுவலகம் போகும்போதும் ‘உஸ்தெத்’தில் தொடங்குங்கள். ‘வுயெஸ்த்ரா மெர்செத்’, தங்கள் மேன்மை என்ற பழைய விளிதான் சுருங்கி உஸ்தெத் ஆனது. அதனால்தான் அதற்கு ‘அவர்’ வினை வருகிறது.

கூடத் தங்குபவர்கள் கொலம்பியா, பெரு பக்கத்தவர்களாக இருந்தால் வொசோத்ரோஸ் அவர்கள் வாயில் வராது. நண்பர் கூட்டத்தையும் உஸ்தெதெஸ் என்பார்கள். அர்ஜென்டினாக்காரர் தூ இருக்கும் இடத்தில் ‘வோஸ்’ சொல்வார். கேட்டுப் புரிந்தால் போதும், பேச நீங்கள் ஸ்பெயின் வழக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.