நாய்க்குப் பழ ஐஸ் செய்கிறீர்களா? கல்லாக உறைய விடாதீர்கள்

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், நாய் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். கிண்ணம் நிறையத் தண்ணீர், அதில் நாலு தர்பூசணித் துண்டு, ராத்திரி முழுக்க ஃப்ரீசர். காலையில் அந்தக் கட்டியை நாய் கடித்துக்கொண்டிருக்கும். போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் அனுப்பினான்: "அக்கா, அரை மணி நேரமா இதோடதான் மல்லுக்கட்டுறான்." உடனே போன் போட்டு, "முதல்ல அதப் பிடுங்கி வைடா" என்றேன்.

சர்க்கரை கூடாது, சாக்லேட் ஆகாது என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

கல் மாதிரி உறைந்த கட்டி

நானும் இதே கட்டியைத்தான் செய்தேன். எங்கள் கருப்பி அதை முன்னங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைவாயில் வைத்து நொறுக்குவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மூன்று வாரம் கழித்து பிஸ்கட்டை வலது பக்கமாகவே மென்றாள். இடது பக்கம் போனால் கீழே நழுவவிட்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல்கடைவாயின் பெரிய பல்லில் ஒரு பக்கம் சீவினாற்போல் பெயர்ந்து, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. பல்லின் உயிர்ச்சதை வெளியே தெரிகிறது என்றார் டாக்டர். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். மயக்க மருந்து கொடுத்து, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்க முடிந்தது. அத்தனை நாளும் அவள் ஒருமுறைகூட முனகவில்லை. நாய்கள் வலியை எளிதில் காட்டாது; நாம்தான் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

வெறும் தண்ணீர் வீட்டு ஃப்ரீசரில் கருங்கல்லாக இறுகும். நாயின் பல்லில் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. பழ விழுது அப்படி இறுகாது. அதிலுள்ள இனிப்பும் நாரும் விடாது. பூவன்பழம், பப்பாளி, தோல் கொட்டை நீக்கிய மாம்பழம், எதுவானாலும் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அடித்து, தட்டில் விரல் தடிமனுக்கும் குறைவாகப் பரப்பி உறைய வையுங்கள். எடுத்ததும் கொடுக்காதீர்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்தால் கொடுக்கலாம். பதியாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும்.

திராட்சை

ஒன்றுகூட வேண்டாம். கிஸ்மிஸும்தான். சிறுநீரகம் போய்விடலாம். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் புளியில் நிறையவே உண்டு. நம் வீட்டுச் சமையலறையில் இரண்டும் இருக்கும்.

'சுகர் ஃப்ரீ' வேர்க்கடலை வெண்ணெய்

பழ விழுதோடு கலக்க இதை எடுத்தால், டப்பாவில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) என்று இருந்தால் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தத்தில் சர்க்கரை சரிந்து நாய் விழுந்துவிடலாம்.

மாங்கொட்டை

குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான்.

பழம்தானே என்று அள்ளிக் கொடுப்பது

தின்பண்டம் எல்லாம் சேர்த்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

வெயிலில் சுருண்ட நாய்க்கு ஐஸ்

நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கொழகொழவென்று வழிந்து, கால் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. அப்போது வாயில் எதையும் திணிக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, ஆட்டோவுக்குச் சொல்லுங்கள். போகும் வழியிலும் ஈரத்தை விடாதீர்கள்.