நீலப்பட்டைத் தேனீயை ஊர்வாரியாக ஒப்பிடும் முறை

பெங்களூரில் அல்சூரிலோ ஜெயநகரிலோ மாடியில் துளசி வளர்ப்பவர்கள், கறுத்த வயிற்றில் நீல வரிகள் மின்ன, பூவுக்கு முன் ஒரு கணம் அந்தரத்தில் நின்று மறுகணம் மறைந்துவிடும் தேனீயைக் கண்டிருக்கக்கூடும். பலர் அதைக் குளவி என்றே நினைக்கிறார்கள். அதுதான் நீலப்பட்டைத் தேனீ. அது அடை கட்டுவதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்கரையிலோ பழைய மண்சுவரிலோ தனியே வளை தோண்டி, அறைகளில் மகரந்தமும் பூந்தேனும் சேர்த்து முட்டையிடும். இத்தேனீ ஊருக்கு ஊர் மாறுபடுகிறதா, மாறுபட்டால் அது தனிச் சிற்றினமா என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கான முறை இது.

இவ்வகைத் தேனீக்கள் அமெகில்லா என்னும் பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியைச் சேர்ந்தவை. நம் பகுதியில் அதிகம் பேசப்படும் அமெகில்லா சோனேட்டாவை உயிரியலாளர் லின்னேயஸ் 1758இல் ஏபிஸ் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். 1775இல் பூச்சியியலாளர் ஃபெப்ரீசியஸ் பெயரிட்ட அமெகில்லா சிங்குலேட்டா ஆஸ்திரேலியத் தேனீ. அப்பெயரை இந்தியத் தேனீக்களுக்கும் சூட்டும் வழக்கம் இன்னும் இருப்பதால், படத்தின் கீழுள்ள பெயரை நம்பி ஒப்பீட்டைத் தொடங்கக் கூடாது.

முதலில் பேரினத்தை உறுதிசெய்யுங்கள். வரிகளுக்குப் பதிலாக நீலப் புள்ளிகள் இருந்து, பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் அடர்ந்த மயிர் இல்லையென்றால், அது குயிலைப்போல் அமெகில்லாவின் வளையில் முட்டையிடும் தைரியஸ் ஆக இருக்கலாம். நெருங்கிய உறவான ஆந்தோஃபோராவுக்குக் கால் நுனியில் இரு நகங்களுக்கிடையே சிறு திண்டு உண்டு, அமெகில்லாவுக்கு இல்லை. இதைக் காண நல்ல லென்ஸ் தேவைப்படும்.

அடுத்தது பால், அதாவது ஆணா பெண்ணா என்பது. ஆணின் உணர்கொம்பில் 13 கணுக்களும் பெண்ணுக்கு 12 கணுக்களும் உள்ளன. வயிற்றில் ஆணுக்குப் பொதுவாக ஐந்து வரிகளும் பெண்ணுக்கு நான்கும் தெரியும். இதைக் கவனிக்காமல், ஒரே செடியில் எடுத்த இரண்டு படங்களை இரண்டு சிற்றினங்கள் என்று நானே ஒருமுறை குறித்து வைத்து, பல மாதங்கள் கழித்து அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வரியின் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் மிகப் பெரிய பிழை. அந்த நீலம் ஒளி விழும் கோணத்துக்கேற்பப் பச்சையாகவும் தெரியும். வயதான தேனீயின் மயிர் வெளிறி உதிர்ந்துபோகும். ஆகவே இறக்கை ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, கிழியாத இளந்தேனீக்களையே நிற ஒப்பீட்டுக்கு எடுங்கள். வயிறு நீண்டு சுருங்கும் தன்மையுடையதால் உடல் நீளத்தை விட்டு, இரு இறக்கைகளின் அடிப்பகுதிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளவிடுங்கள். அந்த அளவும் புழுப் பருவத்தில் கிடைத்த உணவைப் பொறுத்து ஒரே மண்கரையிலேயே மாறுபடும் என்பதால், ஓர் ஊருக்கு ஒன்றிரண்டு தேனீக்கள் போதா. அந்திவேளையில் ஆண் தேனீக்கள் குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாக உறங்கும். கொல்லாமலே அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுக்க அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

பிறகு ஊர்களை உயர வரிசையில் அடுக்குங்கள்: கடலோரச் சென்னை, வேலூர், சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூர், 2,200 மீட்டரைத் தாண்டும் ஊட்டி. நிறத்திலோ அளவிலோ மாற்றம் படிப்படியாக வந்தால் அதற்குத் தனிப் பெயர் வேண்டியதில்லை. ஒரு நிலப்பகுதியில் சட்டென்று மாறி அப்பகுதி முழுவதும் நிலைத்திருந்தால் துணைச் சிற்றினமா (ஒரே சிற்றினத்தின் வட்டார வடிவமா) என்று ஆராயலாம். ஒரே இடத்தில் ஒரே பருவத்தில் இரு வடிவங்கள் இடைப்பட்ட வடிவமேதுமின்றிப் பறந்தால், அவை தனித்தனிச் சிற்றினங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் மறைந்திருக்கும் அடிவயிற்றுத் தகடுகளையும் நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டும். ஒரு சிறு மரபுத்துண்டை ஒப்பிட்டு இனம் காணும் டி.என்.ஏ. பட்டைக்குறியீடு துணைச்சான்று மட்டுமே, ஏனெனில் அந்தத் துண்டு தாய்வழியாக மட்டும் வரும் மரபுக்கூறு.

மாதிரி எடுத்தே ஆக வேண்டுமெனில், நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி பெற்று, பெங்களூர் ஹெப்பாளிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் போன்ற இடத்தில் வழிகாட்டல் கேளுங்கள். மாதிரியோடு வைக்கும் சீட்டில் இடம், உயரம், நாள், பால், வந்தமர்ந்த செடி ஆகியவற்றை எழுதுங்கள். சிற்றினம் உறுதியாகும்வரை பெயரிடத்தில் ‘அமெகில்லா’ என்று மட்டும் எழுதிவிட்டு, மீதியைக் காலியாக விடுங்கள்.