அமெரிக்காவில் விமானம் ஓட்டப் போகும் முன்: உரிமத்தில் நேரும் தவறுகள்

"இந்தியாவில் தனியார் விமானி உரிமம் வாங்கியாகிவிட்டது, விடுமுறைக்கு அமெரிக்கா போகும்போது செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?" தாராளமாக ஓட்டலாம். ஆனால் இதையும் கார் லைசென்ஸ் மாதிரி நினைத்துக் கிளம்பிவிடக் கூடாது.

1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவானதோ, அந்த நாடு கொடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் விமானிக்கு வேண்டும். அமெரிக்க விமானங்களின் பதிவு 'என்' என்ற எழுத்தில் தொடங்கும். அவற்றை ஓட்ட அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் சான்றிதழ் தேவை. நம் உரிமம் உண்மையானதா என்று அதைக் கொடுத்த இந்திய அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அதைத் தருவார்கள். பதில் வர நாளாகும். மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்தச் சான்றிதழுக்குச் சொந்தக் கால் கிடையாது. இந்திய உரிமம் காலாவதியானால் இதுவும் செல்லாது. உரிம எண் மாறினால் புதிதாக வாங்க வேண்டும். பறக்கும்போது இரண்டையும், கூடவே மருத்துவச் சான்றிதழையும் வைத்திருங்கள். ஊரில் கமர்ஷியல் உரிமமே இருந்தாலும், இதில் கிடைப்பது தனியார் விமானிக்குரிய அனுமதி மட்டும்தான். கூலி வாங்கிக்கொண்டு ஓட்டக் கூடாது.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது. உடனே தனியாகக் கிளம்பலாமா? கூடாது. அமெரிக்கப் பயிற்றுநர் ஒருவருடன் குறைந்தது ஒரு மணி நேரம் தரையில், ஒரு மணி நேரம் வானில் மறு ஆய்வு முடிக்க வேண்டும். நண்பர்களை ஏற்றிக்கொள்ள, முந்தைய 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வான்வெளி விதிதான். அங்கே வான்வெளியை எழுத்துகளால் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒவ்வொன்றிலும் நுழைய ஒவ்வொரு விதி. சிறிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள டி வகுப்பில், கட்டுப்பாட்டாளர் ரேடியோவில் உங்கள் அழைப்புக் குறியை (விமானத்தின் அடையாளப் பெயரை) சொல்லிப் பதில் தந்தாலே உள்ளே போகலாம். அந்தப் பழக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ போன்ற பெரிய நிலையங்களின் பி வகுப்புக்குள் நுழைந்துவிடுவது ஆபத்தான தவறு. அங்கே பெரிய ஜெட்டுகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். 'க்ளியர்டு இன்டு பிராவோ' (பி வகுப்புக்குள் வர அனுமதி) என்று தெளிவாகக் காதில் விழும்வரை வெளியிலேயே வட்டமிடுங்கள். சந்தேகமாக இருந்தால் திரும்பக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அப்புறம், வாஷிங்டன். அந்த நகரைச் சுற்றி 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதிப்படி (கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்து) ஓட்டுவதற்கே தனிப் பாடம் முடித்திருக்க வேண்டும். அது எஃப்.ஏ.ஏ. தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்புமுன் முடித்துவிடலாம்.