சிடி ரைட்டரை லினக்ஸில் மாட்டும்போது செய்யும் தவறுகள்

பரணிலிருந்து இறக்கிய சிடி ரைட்டரை லினக்ஸ் கணினியில் மாட்டிவிட்டு, எப்படி அமைப்பது என்று இணையத்தில் தேடினால், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 2.4 காலத்துக் குறிப்புகள் இன்னமும் வந்து நிற்கும். அவற்றை நம்பி இறங்குவதுதான் முதல் தவறு.

அந்தக் காலத்தில் சிடி எழுதும் சிடிரெக்கார்ட் நிரலுக்கு, ட்ரைவை இணைக்கும் முறைகளில் ஸ்கஸி மட்டும்தான் புரியும். வீட்டுக் கணினிகளில் இருந்ததோ பெரும்பாலும் ஐடிஇ என்ற வேறு முறையில் இணையும் ரைட்டர். அதை ஸ்கஸி ட்ரைவ் போல நடிக்க வைக்க ஐடிஇ-ஸ்கஸி என்ற கெர்னல் மாட்யூலை (கூடுதல் துண்டு நிரலை) ஏற்ற வேண்டும், கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அப்புறம் ட்ரைவைத் தேடும் ஸ்கேன்பஸ் ஓட்டி, அதன் முகவரியாக 0,0,0 என்பது போல மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு இந்தக் கூத்துக்கு அவசியம் இல்லாமல் போனது. இப்போதைய கெர்னலில் அந்த மாட்யூலே கிடையாது. ட்ரைவை மாட்டினால் /டெவ்/எஸ்ஆர்0 என்று தானாகவே வந்துவிடும். வராவிட்டால் க்ரப் என்ற பூட் லோடரை நோண்டாமல் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி ரைட்டராக இருந்தால் ஹப்பை விட்டுவிட்டுக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். எழுதும்போது அது கூடுதல் மின்சாரம் இழுக்கும்.

ரூட்டாக (நிர்வாகியாக) இருந்தால் எழுதுகிறது, நம் கணக்கில் மறுக்கிறதா? டெபியன், உபுண்டு போன்றவற்றில் சிடிராம் என்ற குழுவில் நம் பெயரைச் சேர்த்தால் போதும். ஆனால் அப்படிச் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-க்கு முன்னால் சின்ன ஏ இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அது இல்லையென்றால் நிர்வாக அனுமதி தரும் சூடோ உட்பட நாம் கூடுதலாக இருந்த மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கிவிடும். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, ரெக்கவரி மோடில் நுழைந்துதான் மீண்டேன். சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி நுழைய வேண்டும், அதுவரை பழைய அனுமதிதான்.

முழு சிடியின் நகலான ஐஎஸ்ஓ கோப்பை (இமேஜ்) சாதாரணக் கோப்பு போல இழுத்துப் போட்டு எழுதிவிட்டு, சிடி பூட் ஆகவில்லை என்று ட்ரைவைத் திட்டுபவர்கள் உண்டு. சிடி எழுதும் நிரல்களான கே3பி, பிரசேரோ இரண்டிலும் இமேஜை எழுதுவதற்குத் தனித் தேர்வு இருக்கிறது.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் சிடியில் பெயர்களைப் பதியும் முறைகளான ராக் ரிட்ஜ், ஜோலியட் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பெயர்கள் சிதைந்துபோகும். ஜோலியட்டில் பெயருக்கு 64 குறியீடுகள்தான் இடம், நம் கொம்பும் புள்ளியும் அதில் தனித்தனியாகச் சேரும். ‘பொங்கல்’ நமக்கு 4 எழுத்து, அதற்கு 7.

வேகத்தில் பேராசை வேண்டாம். 52 (சாதாரண வேகத்தைப் போல 52 மடங்கு) என்று ட்ரைவின் முகத்தில் போட்டிருந்தாலும் தட்டின் வெளி விளிம்பை நெருங்கும்போதுதான் அந்த வேகம் கிடைக்கும். 16 வைத்தால் 80 நிமிட சிடி சுமார் 5 நிமிடத்தில் முடிகிறது. மலிவான தட்டுகளுக்கு அதுவே நல்லது. எழுதியதும் தட்டை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டுச் சரிபாருங்கள், கோப்புகளை ஹார்ட் டிஸ்கிலிருந்து அழிப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.