பழைய லண்டன், பாரிஸ் கடிகாரங்கள்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏலத்திலோ பழம்பொருள் கடையிலோ ஒரு பழைய ஐரோப்பியக் கடிகாரத்தைப் பார்த்தால், எல்லோரும் முதலில் படிப்பது டயலில் உள்ள பெயரைத்தான். விலை சொல்பவரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார். ஏமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான். கடிகாரத்தில் எளிதாக மாற்றக்கூடியது முன்பக்கம். பின்பக்கத்தில் பொய் எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

லண்டன் கடிகாரக்காரர் தாமஸ் டாம்பியனின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1639-இல் பிறந்து 1713-இல் மறைந்தவர். அவரும், அவருடைய உறவுப் பெண்ணை மணந்து தொழிலிலும் பங்காளியான ஜார்ஜ் கிரகாமும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். லண்டனில் ஒரு கடிகாரக்காரருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவ்வளவு பெரிய பெயர் என்றால் போலியும் வரத்தானே செய்யும்? அவர்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே அந்தப் பெயர்களைப் பொறித்து விற்றவர்கள் இருந்தார்கள். டாம்பியன் 1680-களிலிருந்து தன் பட்டறை வேலைகளுக்கு வரிசை எண் பொறித்தவர். அதனால் அதற்குப் பிந்தைய வேலையில் பெயர் இருந்து எண் இல்லையென்றாலும், எண்ணும் வேலைப்பாட்டின் காலமும் ஒத்துப்போகாவிட்டாலும், பையிலிருந்து பணத்தை எடுக்க வேண்டாம்.

பெரிய பெயர்களை விடுங்கள், சிறிய ஊர்ப் பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. இங்கிலாந்தின் சிற்றூர்க் கடிகாரக்காரர்கள் எல்லாப் பாகத்தையும் தாங்களே அடித்துச் செய்தார்கள் என்று நினைப்பது தவறு. பர்மிங்காமில் ஆஸ்போர்ன், வில்சன் இருவரும் 1772-இல் வெள்ளை வண்ணம் பூசிய டயல்களை விளம்பரப்படுத்தி விற்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு ஊர்க் கடைக்காரர் டயலை வாங்கி, தன் பெயரை எழுதச் சொல்லி, இயந்திரத்தின் பாகங்களையும் வெளியே வாங்கிப் பொருத்துவது சாதாரணமாகிவிட்டது. இந்தியாவுக்கு வந்தவையும் அப்படித்தான். மதராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் தாங்கிய சுவர்க்கடிகாரங்களைப் பார்த்திருப்பீர்கள். கடையின் பெயர் டயலில் இருக்கும், உள்ளே இருக்கும் இயந்திரம் கப்பலில் வந்ததாக இருக்கும். அதில் மோசடி எதுவும் இல்லை, அந்தக் கால வியாபார முறை அது. ‘இவர்தான் செய்தவர்’ என்று சொல்லி விலை ஏற்றினால்தான் பிரச்சினை.

பிரெஞ்சுக் கடிகாரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டு மேசைக் கடிகாரத்தின் எனாமல் டயலில் ஒரு பெயரும் ‘பாரிஸ்’ என்ற ஊரும் இருந்தால், அது பெரும்பாலும் விற்ற கடை. பின் மூடியைத் திறந்து, மணியைக் கழற்றிவிட்டுப் பின்தகட்டைப் பாருங்கள். சின்ன வட்ட முத்திரை ஒன்று இருக்கும்: ஜாபி ஃப்ரேர், எஸ். மார்ட்டி, வின்சென்ட்டி, பான்ஸ். இவர்கள்தான் இயந்திரம் செய்தவர்கள். இவர்களுடைய பட்டறைகளும் பாரிசில் இல்லை. ஜாபி இருந்தது கிழக்கே பொகூர் என்ற ஊரில். பான்ஸ் நார்மண்டியில், தியேப் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பட்டறை வைத்திருந்தார். அரைகுறையாகச் செய்த இயந்திரத்தை வாங்கி, பாரிஸ்காரர்கள் முடித்து, பெட்டியில் பொருத்திப் பெயர் போட்டார்கள்.

அந்த முத்திரையில் ஒரு கண்ணி உண்டு. ‘வின்சென்ட்டி, வெள்ளிப் பதக்கம், 1834’ என்றோ ‘மார்ட்டி, தங்கப் பதக்கம், 1900’ என்றோ இருந்தால், விற்பவர் அந்த ஆண்டையே கடிகாரத்தின் வயது என்பார். அது கண்காட்சியில் பதக்கம் வாங்கிய ஆண்டு. வாங்கிய பதக்கத்தைப் பல பத்தாண்டுகள் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். கடிகாரம் அந்த ஆண்டுக்கு முந்தியது இல்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து உறுதி.

அதே தகட்டின் அடியில் வேறு எண்களும் இருக்கும். ஒன்று வரிசை எண். பக்கத்தில் ‘4 8’ என்பது போல இடைவெளி விட்டு இரண்டு சிறிய எண்கள் தெரியும். அதை மாதம், தேதி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பெண்டுலத்தின் நீளம், பழைய பிரெஞ்சு அளவில்: 4 பூஸ், 8 லீன். ஒரு பூஸ் 27 மி.மீ. சொச்சம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு லீன். ஆக, சுமார் 12.6 செ.மீ. மீட்டர் அளவு வந்து வெகுகாலம் ஆன பிறகும் கடிகாரக்காரர்கள் இதை விடவில்லை. இதன் பயன் என்னவென்றால், வரிசை எண் பெண்டுலக் குண்டின் பின்னாலும் பல நேரம் குத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கடிகாரம் தன் சொந்தப் பெண்டுலத்தோடு வந்திருக்கிறது. எண் வேறு, நீளமும் வேறு என்றால், யாரோ கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள், நேரம் ஒருநாளும் சரியாக வராது.

அடுத்து, ‘பதினாறாம் லூயி கடிகாரம்’ என்ற சொல்லை அப்படியே நம்புவது. சந்தையில் இருக்கும் லூயி கடிகாரங்களில் மிகப் பல, அந்த அரசர்கள் போய்ச் சேர்ந்த பிறகு 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் செய்தவை. அழகில் குறை சொல்ல முடியாது, விலைதான் வேறு. டயலில் 12-க்கு மேலே மிகச் சிறிய துளை இருக்கிறதா பாருங்கள். அது ப்ரோகோ முறை. பெண்டுலத்தின் நீளத்தை முன்னாலிருந்தே திருத்த உதவும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அதற்கு முந்தைய பாரிஸ் கடிகாரங்களில் பெண்டுலம் பட்டு நூலில் தொங்கும். பதினாறாம் லூயி என்று சொல்லப்படும் கடிகாரத்தில் ப்ரோகோ துளை இருந்தால், ஒன்று கடிகாரம் பிந்தியது, இல்லை பின்னால் யாரோ மாற்றியது. மாற்றியதாக இருந்தால் பின்தகட்டில் உபயோகமில்லாத பழைய ஓட்டைகள் காட்டிக்கொடுக்கும். அப்புறம், அந்தச் சின்னத் துளையில் சாவி கொடுக்கப் பார்க்காதீர்கள். இருமுனைச் சாவியின் சிறிய முனை அதற்குத்தான், அதுவும் நூலிழை அளவு திருப்ப.

ஆங்கில ஆளுயரக் கடிகாரத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு வீட்டு இயந்திரத்தை இன்னொரு வீட்டுப் பெட்டியில் ஏற்றுவதை அந்த ஊர்க்காரர்கள் ‘கல்யாணம்’ என்பார்கள். பெட்டி செல்லரித்துப் போயிருக்கும், இயந்திரம் நன்றாக இருக்கும், அல்லது நேர்மாறாக. நல்ல பெட்டிக்கு நல்ல இயந்திரம் தேடி வைப்பது 200 ஆண்டுகளாக நடக்கிறது. கண்டுபிடிக்க, மேல் கூட்டை முன்பக்கம் இழுத்துக் கழற்றுங்கள். இயந்திரம் ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கும், பலகை பெட்டியின் இரு பக்கச் சட்டங்களின் மேல் நிற்கும். சட்டத்தின் உச்சியில் புது மரத்துண்டு ஒட்டி உயர்த்தியிருந்தாலோ, ரம்பம் போட்டு அறுத்திருந்தாலோ, இயந்திரம் விருந்தாளி. டயலின் ஓரம் மேல் கூட்டின் சட்டத்துக்குள் மறைந்து போவதும், இடைவெளி தெரிவதும் அடுத்த அடையாளம். ஒரு சட்டத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், பழுதுபார்த்ததாகவும் இருக்கலாம்.

இங்கே எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு, அது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எதையாவது மாற்றியிருந்தாலே ‘போலி’ என்று தள்ளிவிடுவது. டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பொருத்தியது 1656-இல். லண்டனில் அஹாசுவரஸ் ஃப்ரோமன்டீல் பெண்டுலக் கடிகாரத்தை 1658-இலேயே விளம்பரம் செய்துவிட்டார். 1670 வாக்கில் ஆங்கர் எஸ்கேப்மென்ட் வந்தது (எஸ்கேப்மென்ட் என்பது சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பாகம், ஆங்கர் என்பது நங்கூர வடிவம்). ஒரு விநாடிக்கு ஒரு வீச்சு வீசும், கிட்டத்தட்ட 99 செ.மீ. பெண்டுலம் அதனால்தான் சாத்தியமானது, ஆளுயரப் பெட்டி அதற்கு இடம் கொடுத்தது. புதிய முறை இவ்வளவு துல்லியமாக ஓடியதைப் பார்த்த சொந்தக்காரர்கள் பழையவற்றைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டார்கள். லாந்தர் வடிவக் கடிகாரங்களில் முதலில் இருந்த ஆடும் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெண்டுலம் வைத்தார்கள். மேசைக் கடிகாரங்களின் குட்டைப் பெண்டுலமும் வெர்ஜ் என்ற பழைய வகை எஸ்கேப்மென்டும் 19-ஆம் நூற்றாண்டில் நிறைய மாற்றப்பட்டன. இவையெல்லாம் கடிகாரத்தின் வாழ்க்கை. ஆனால் லாந்தர் கடிகாரத்தின் டயலில் சாவி கொடுக்கும் துளைகள் இருந்தால் ஜாக்கிரதை. அது எடையால் ஓடிய கடிகாரம், அதற்குச் சாவித் துளை தேவையே இல்லை. உள்ளே இருந்ததை வீசிவிட்டு ஸ்பிரிங் இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அல்லது முழுவதுமே பிற்காலத்தது.

‘பார்லிமென்ட் சட்டக் கடிகாரம்’ என்று விற்கப்படும் பெரிய சத்திரக் கடிகாரங்களைப் பற்றி ஒரே வரி: அந்தப் பெயர் கடிகார வரியைக் குறிக்கிறது, ஆனால் பிரிட்டனில் அந்த வரி 1797-இல் வந்து 1798-இல் போய்விட்டது, அந்த வகைக் கடிகாரங்கள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தன.

பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வதும் செலவு வைக்கும். பிரெஞ்சுச் சிலைக் கடிகாரங்களில் நல்லவை வெண்கலத்தில் வார்த்து, பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடேற்றி முலாம் போட்டவை. அந்த ஆவி முலாம்காரர்களின் உயிரைக் குடித்தது. மலிவானவை துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே பொன்னிறம் ஏற்றியவை. சிலையை விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் கணீர் என்னும், துத்தநாகம் மந்தமாக ஒலிக்கும். அடிப்பக்கத்தில் கீறல் பட்ட இடத்தைப் பாருங்கள்: மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலமோ பித்தளையோ, சாம்பல் வெள்ளையாக இருந்தால் துத்தநாகம். கிரீடம் வைத்த ‘சி’ முத்திரை வெண்கலத்தில் இருந்தால் அது 1745 முதல் 1749 வரை பிரான்சில் இருந்த வரிக்கான அடையாளம். இல்லையென்றால் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். கரும்பளிங்கு என்று சொல்லப்படும் கறுப்புக் கடிகாரங்கள் பல பெல்ஜியத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல். ஈரத்துணி போட்டால் மங்கும். ஆமையோட்டில் பித்தளை பதித்த பூல் வேலைப்பாட்டுப் பெட்டியை வெளிநாட்டில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: அது அழுங்காமையின் ஓடு. எல்லை தாண்டிக் கொண்டுவரச் சட்டத் தடை உண்டு.

சரி, வாங்கியாயிற்று. இனி நாம் பாசத்தோடு செய்யும் கெடுதல்கள்.

பித்தளை என்றாலே நம் கை புளிக்குப் போகும். குத்துவிளக்குக்கு அது சரி, கடிகாரத்துக்கு ஆகவே ஆகாது. பாதரச முலாம் மெல்லிய தங்கப் படலம். பாலிஷோ புளியோ ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே மேடான இடங்களில் பித்தளை வெளியே வந்துவிடும், பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆங்கில ஆளுயரக் கடிகாரத்தின் எண் வளையத்தில் தெரியும் வெள்ளி நிறமும் கையால் தேய்த்து ஏற்றிய மெல்லிய பூச்சுதான். மஞ்சளாகப் பளபளக்கும் எண் வளையத்தைப் பார்த்தால், யாரோ ஒரு நல்ல மனிதர் ஞாயிற்றுக்கிழமை துடைத்திருக்கிறார் என்று அர்த்தம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும். என்னைக் கேட்டால், அழுக்கோடு நின்றுபோன கடிகாரத்தை பளபளவென்று ஓடும் கடிகாரத்தைவிட அதிக விலை கொடுத்து வாங்குவேன்.

எண்ணெய் அதே கதை. கடிகாரம் நின்றதும் ஸ்பிரே எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ உள்ளே விடுவார்கள். இரண்டு நாள் ஓடும், பிறகு தூசு ஒட்டிப் பிசின்போல் ஆகி அச்சு முனைகளை அரைக்கும். அச்சு சுழலும் ஒவ்வொரு துளையிலும் கடிகார எண்ணெய் ஒரு சிறு பொட்டு, அவ்வளவுதான் வேண்டும். பல்சக்கரத்தின் பற்களில் எண்ணெயே கூடாது.

‘சாவி அதிகமாகக் கொடுத்து ஸ்பிரிங் இறுகிவிட்டது’ என்பதும் பொய்ப் புகார். முழுக்கச் சாவி கொடுத்த கடிகாரம் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் காரணம் அழுக்கோ தேய்மானமோதான்.

நேரம் திருத்தும்போது முள்ளைப் பின்னோக்கித் தள்ளாமல் முன்னோக்கி நகர்த்தி, ஒவ்வொரு மணியும் அடித்து முடியும்வரை காத்திருங்கள். பழைய பிரெஞ்சுக் கடிகாரங்கள் பலவற்றில் மணி எண்ணிக்கையை விளிம்பில் வெட்டுகள் உள்ள ஒரு தகடு கணக்கிடுகிறது. அதற்கு முள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. டயல் 8 காட்டும்போது 5 அடித்தால், சின்ன முள்ளை மட்டும் மெதுவாக 5-க்குக் கொண்டுவாருங்கள். அது அழுத்திப் பொருத்தியதுதான், நகரும். பிறகு பெரிய முள்ளை முன்னோக்கி ஓட்டிச் சரியான நேரத்துக்கு வரலாம். ஆங்கில ஆளுயரக் கடிகாரத்தில் இந்தத் தந்திரம் வேண்டாம், அங்கே சின்ன முள் பெரும்பாலும் திருகு போட்டுப் பிணைத்திருக்கும்.

மட்டப் பலகை வைத்துக் கடிகாரத்தை நேராக்கிவிட்டு, ‘ஏன் நிற்கிறது’ என்று கேட்பவர்கள் உண்டு. காதால் கேளுங்கள்: இரண்டு ஒலிக்கும் நடுவில் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக் கடிகாரத்தில் பின்னால் உள்ள இரண்டு திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, இயந்திரத்தை வட்டமாக இம்மியளவு திருப்பினால் தாளம் சேர்ந்துவிடும்.

ஆளுயரக் கடிகாரம் வாரத்தின் நடுவிலோ கடைசியிலோ மட்டும் நின்றுபோனால் பட்டறைக்குத் தூக்காதீர்கள். எடைகள் இறங்கி இறங்கிப் பெண்டுலக் குண்டின் உயரத்துக்கு வரும்போது, பெட்டி சுவரோடு பிணைக்கப்படாமல் இருந்தால் பெட்டி மெல்ல அசையும், எடையும் சேர்ந்து ஆடத் தொடங்கும், பெண்டுலத்தின் வேகத்தை அது தின்றுவிடும். பெட்டியின் முதுகுப்பலகையைச் சுவரோடு ஒரு திருகால் பிணைத்தால் தீர்ந்தது.

கடைசியாக, இடம் மாற்றுவது. பெண்டுலத்தோடு தூக்கினால், அதைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு முதல் ஆட்டத்திலேயே மடங்கும். ஆளுயரத்தில் முதலில் எடைகளை எடுங்கள், ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ. பிறகு பெண்டுலம், மேல் கூடு, இயந்திரம், கடைசியில் பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பிரெஞ்சுக் கடிகாரத்தில் பெண்டுலமாக இரண்டு கண்ணாடிக் குப்பிகள் பளபளத்தால், உள்ளே இருப்பது உண்மையான பாதரசமாக இருக்கலாம். படுக்கவைத்து டிக்கியில் போடக் கூடாது. குப்பிகளைக் கழற்றி, நிமிர்த்தியபடி, தனியாக, மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.